ஷட்டர் கசியும் என்று சொன்னவர்

நெய்னா காக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ஒரு விவசாயியிடம் டிராக்டரைப் பற்றி அளந்துகொண்டிருந்தேன். எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுத் திருத்துறைப்பூண்டியில் டிராக்டர் விற்கிறவன் நான். சேற்றில் இறங்கினால் இந்த வண்டி என்னமாய் இழுக்கும் என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கையில் ரபீக்கிடமிருந்து போனில் செய்தி வந்தது. "காக்கா மௌத்தாயிட்டாங்க. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்துரு." ரபீக் எங்கள் ஃபுட்பால் டீமின் கோல்கீப்பர். அவன் இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் கண்டதில்லை. எந்தக் காக்கா என்று நான் கேட்கவும் இல்லை. அதிராம்பட்டினத்தில் வயதில் மூத்தவர்கள் எல்லாருமே காக்காதான். ஆனால் நாங்கள் இருவரும் வெறுமனே காக்கா என்றால் அது பெயின்ட் கடை நெய்னா காக்கா ஒருவரைத்தான்.

முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். போன ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்த வாக்குவாதம் பாதியில் கிடக்கிறது, இந்த மனிதர் தன் பாட்டுக்குப் போய்விட்டாரே என்ற கோபம். அழுகை முத்துப்பேட்டையைத் தாண்டி பைக்கில் போகும்போதுதான் வந்தது. ஹெல்மெட்டுக்குள் அழுவது ஒரு விதத்தில் வசதி.

டோர்னமென்ட் மலருக்குக் காக்காவைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்று கமிட்டியில் கேட்டார்கள். ஊரில் வேறு ஆளா இல்லை என்றேன். "உன்னப் பத்தி அவங்க பேசின அளவுக்கு வேற யாரப் பத்தியும் பேசலியே, நீதான் எழுதணும்" என்றான் ரபீக். அது உண்மைதான். ஆனால் பேசியது என்ன என்பது உங்களில் பலருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஆடுவது ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். என்னைத் தாண்டினால் பந்துக்கும் கோலுக்கும் நடுவில் ரபீக்கும் கடவுளும்தான். ஒரு செமிஃபைனலில், கோட்டைத் தாண்டப் போன பந்தைத் தலையால் முட்டி வெளியே தள்ளினேன். அன்றைக்கு மைக் பிடித்திருந்தவர், "இறக்கிட்டாருய்யா ஷட்டர!" என்று கத்தினார். அதிலிருந்து நான் ஷட்டர் செல்வம். வாய்க்கால் தலைப்பில் தண்ணீரை நிறுத்தும் அந்த இரும்புப் பலகையின் பெயர் எனக்கு ஒட்டிக்கொண்டது. பெயின்ட் கடையில் அடுத்த நாள் காக்கா சொன்னது என்ன தெரியுமா? "எந்த ஷட்டர்லப்பா கசிவு இல்ல?"

அந்தப் பெயர் எனக்கு ஏன் அத்தனை பெரிதாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிறர் வயலில் வேலை செய்த குடும்பம். என் அப்பாவை அடைமொழி போட்டுக் கூப்பிட்டதுண்டு, அது மரியாதைக்காக இல்லை. அப்பேர்ப்பட்டவரின் மகனை ஆயிரக்கணக்கான பேர் நடுவில் மைக்கில் "அண்ணன் ஷட்டர் செல்வம் அவர்கள்" என்று கூப்பிட்டார்கள். ஃப்ளெக்ஸில் என் படம் போட்டார்கள். அப்பா அந்த ஃப்ளெக்ஸைக் கேட்டு வாங்கிவந்து மாட்டுக் கொட்டகைக்குத் தடுப்பாகக் கட்டினார். மாட்டுக்கு வெயில் படாமல் இருக்க என்று சொல்லிக்கொண்டார். என் முகம் ரோட்டைப் பார்த்தபடி இருந்தது.

அந்தப் பெயரைத்தான் காக்கா கூடுதல் என்றார். முகத்துக்கு நேராக, கூட்டத்தில், சிரிக்காமல். அவருடைய வாதம் இது: "முன்னாடி ரெண்டு ஹாஃப் பேக் நிக்கிறானுவ. வர்ற தண்ணியில முக்காவாசிய அவனுவளே வேற பக்கம் திருப்பி வுட்டுர்றானுவ. மிச்சம் சொட்டுற தண்ணிக்கு இவன் ஷட்டர எறக்குறான். பேரு மட்டும் இவனுக்கு. தண்ணி வராத வாய்க்கால்ல ஷட்டர் ஏறியிருந்தா என்ன, எறங்கியிருந்தா என்ன?"

பந்தைக் காலால் தொட்டிராத மனிதர். சவுதியில் பல வருடம் கடையில் நின்றுவிட்டு வந்து இங்கே கடை வைத்தவர். ஆனால் ஆட்டம் என்றால் கடையை மகன் ஆசிப்பிடம் விட்டுவிட்டு வந்துவிடுவார். கோல் விழுவதைப் பார்க்க எல்லாரும் எதிர் டீமின் கோல்போஸ்ட் பக்கம் குவிவார்கள். இவர் மட்டும் எங்கள் கோல்போஸ்டுக்குப் பின்னால் தனியாக நிற்பார். இடைவேளையில் நாங்கள் பக்கம் மாறினால் அவரும் குடையை எடுத்துக்கொண்டு மறுபக்கத்துக்கு நடந்து வருவார். "காக்கா, அங்க நின்னா ஒண்ணும் தெரியாதே" என்று ஒருமுறை கேட்டேன். "ஒன் முதுகு தெரியுதுல்ல, அது போதும்" என்றார். நக்கலா என்னவென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

என் முழங்கால் போனபோது தஞ்சாவூரில் ஆபரேஷன். அம்மா ஆஸ்பத்திரியில் வந்துபோன நர்ஸிடமெல்லாம், "எம் மவன் பெரிய ஆட்டக்காரன், அவன் கால பாத்துப் பண்ணுங்கம்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். காக்கா நோன்பு வைத்துக்கொண்டே பஸ் பிடித்து வந்திருந்தார். பக்கத்தில் நின்று கேட்டவர், "பெரிய ஆட்டக்காரன்லாம் இல்லம்மா. ஒழுங்கா நிப்பான், அவ்வளவுதான்" என்று திருத்தினார். அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஆபரேசன் தேட்டர் வாசல்லகூட அந்த மனுசன் வாயி சும்மா இருக்க மாட்டேங்குதே" என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அதே மனிதர்தான் அன்று சாயங்காலம் எங்கிருந்தோ நோன்புக் கஞ்சி வாங்கிவந்து, தான் குடிப்பதற்கு முன்னால் அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். "குடி. முட்டி சேந்துரும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆட்டத்தப் பத்தி நான் ஒண்ணும் சொல்லல" என்றார். வலியிலும் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை.

பிறகு என் காலம் இறங்கியது. ஹாஃபில் ஆடிய இருவரும் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார்கள். அவர்கள் இடத்துக்கு வந்த பையன்கள் பந்தைப் பார்த்தால் முன்னால் ஓடுவார்களே தவிரத் திரும்பி வரமாட்டார்கள். எதிர் டீமின் ஃபார்வர்டுகள் கூட்டமாக என்மேல் வந்து விழுந்தார்கள். போன வருடம் முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தோம். அந்த ஆட்டத்தில் மூன்றாவது கோல் என் கால் இடுக்கில் புகுந்து போனது. கூட்டத்தில் ஒருவன் "ஷட்டரு துருப்புடிச்சுப் போச்சுடா" என்றான். போகிறவன் வருகிறவனெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டான். இவன் எப்போதுமே ஓவர் பில்டப்புதான், சும்மா ஏற்றிவிட்டுவிட்டோம் என்று என் படத்துக்குப் பால் ஊற்றிய பையன்களே வாட்ஸ்அப்பில் எழுதினார்கள்.

காக்காவுக்குக் கொண்டாட்டமாக இருக்கும் என்று நினைத்தேன். இத்தனை வருடம் சொன்னது பலித்துவிட்டதல்லவா? மறுநாள் பெயின்ட் கடைப் பக்கம் போகவே பிடிக்கவில்லை. ஆனால் அம்மா சுவருக்கு அடிக்கப் பெயின்ட் கேட்டிருந்தார், போகவேண்டியதாகிவிட்டது. கடையில் நாலைந்து பேர் என்னைத்தான் உரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. காக்கா மட்டும் நிறுத்தவில்லை. "அவன் வந்துட்டான்னு என்னா நிறுத்துறீங்க? அவன வச்சிக்கிட்டே சொல்றேன். இவன் அப்பவும் இவ்வளவுதான், இப்பவும் இவ்வளவுதான். ஒண்ணும் கொறையல. ஏத்தி வச்சது நீங்க. இப்ப விழுந்துட்டான் விழுந்துட்டான்னா? விழுந்தது ஒங்க கணக்கு" என்றார். அப்புறம் என்னிடம் திரும்பி, "என்னா கலரு?" என்றார்.

அது வசவா ஆதரவா? இரவெல்லாம் படுத்துப் புரண்டேன். என்னை யாரும் அதற்கு முன்னால் அப்படி அவமானப்படுத்தியதும் இல்லை, எனக்காக அப்படிப் பேசியதும் இல்லை. அவருக்கு நன்றி சொல்வதா, சட்டையைப் பிடிப்பதா என்று தெரியாமலே ஒரு வருடம் ஓடிவிட்டது.

இந்த வருட டோர்னமென்டுக்கு ஸ்டாப்பர் யார் என்று கமிட்டி கூடி முடிவு செய்வதாக இருந்தது. வெளியூரிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவரலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். முழங்கால் சரியாகிவிட்டது, செல்வத்துக்கு இன்னொரு வருடம் கொடுக்கலாம் என்று மீதிப் பேர் சொன்னார்கள். எனக்கு வயது முப்பத்து மூன்று. இந்த வருடம் இல்லை என்றால் இனி இல்லை. கமிட்டியில் காக்காவும் இருந்தார். அவர் பக்கம் சாய்கிறவர்கள் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க காக்கா?"

"உள்ளதச் சொல்வேன்."

"உள்ளது என்ன?"

"நீ தண்ணி வராத வாய்க்கா ஷட்டரு. நல்ல ஷட்டரு. ஆனா வெள்ளத்துக்கு ஆவாது."

நான் விடவில்லை. வெள்ளத்தை நிறுத்தாதவனா கோட்டில் பந்தைத் தடுத்தேன் என்று கேட்டேன். "ஒரு நாளு நிறுத்தினதுக்கு எத்தன வருசத்துக்கு வாடகை கேப்ப?" என்றார். பாங்கு சொல்லிவிட்டார்கள். "தொழுதுட்டு வந்து பேசுறேன், போயிராத" என்றார். அதற்குள் ஷோரூமிலிருந்து போன் வந்து நான் கிளம்பிவிட்டேன். அடுத்த வாரம் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். வியாழக்கிழமை காலை கடையைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

பள்ளிவாசல் முற்றத்தில் காக்காவின் ஜனாஸாவை வைத்திருந்தார்கள். நாங்கள், டீமில் இருக்கிற மற்ற மதத்துக்காரர்களும் பக்கத்து ஊர்க்காரர்களும், சுவர் ஓரமாக நின்றோம். தொழுகைக்கு வரிசை கட்டுவதற்கு முன்னால் ஆசிப் முன்னே வந்து நின்றான். இறந்தவரின் வீட்டார் அந்த இடத்தில் கேட்கும் வழக்கமான வார்த்தைகளைத்தான் அவனும் கேட்டான். "எங்க வாப்பா யாருக்காச்சும் கொடுக்கவேண்டியது இருந்தா எங்கிட்ட கேளுங்க. யாரையாச்சும் மனசு நோகப் பேசியிருந்தா அல்லாவுக்காக மன்னிச்சிருங்க."

எத்தனையோ அடக்கத்துக்கு வந்து இதே வார்த்தைகளைக் கேட்டிருக்கிறேன். எல்லாரும் மன்னித்தோம் என்று முணுமுணுப்பார்கள், அதோடு முடியும். அன்றைக்கு முணுமுணுப்பு எழவில்லை. ஒவ்வொருவராகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள். கமிட்டித் தலைவர் பார்த்தார். ரபீக் பார்த்தான். கடைசியில் ஆசிப்பும் பார்த்தான். அழுது வீங்கிய அவன் கண்ணில் கெஞ்சல் இருந்தது. அவன் வாப்பா கூட்டத்தில் வைத்து என்னைச் சொன்னதெல்லாம் அவனுக்குத் தெரியும்.

மன்னித்தேன் என்று சொல்வது சுலபம். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் மன்னித்தேன் என்றால் அவர் தப்பாகப் பேசினார் என்று ஆகிறது. என் பெயர் பிழைக்கும். கமிட்டி முழுக்க அங்கேதான் நிற்கிறது, என் இடமும் அநேகமாகப் பிழைக்கும். பொய்யே பேசாத ஒரு மனிதரைப் பொய் பேசியவராக அனுப்பிவைக்க வேண்டும், அவ்வளவுதான் அதற்கு விலை. வெள்ளைத் துணிக்குள் கிடந்த அவர் எழுந்து மறுத்துப் பேசவும் போவதில்லை.

"மன்னிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. "காக்கா என்னப் பத்தித் தப்பா எதுவும் சொல்லல. உள்ளதத்தான் சொன்னாங்க."

ஆசிப் தலையை ஆட்டினான். வரிசை கட்டினார்கள். ரபீக் மட்டும் இன்னும் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய் வரிசையில் சேர்ந்தான்.

கமிட்டி என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டது. அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. இந்த மலரைப் புரட்டினால் டீம் பக்கத்தில் ஸ்டாப்பர் என்ற இடத்தில் அந்த இருபத்திரண்டு வயதுப் பையனின் படம் இருக்கும். நன்றாக ஆடுகிறான். அப்பாவிடம் இன்னும் நான் சொல்லவில்லை. மலர் வந்ததும் அவரே பார்ப்பார்.

அடக்கம் முடிந்து திரும்பும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை வாக்குவாதத்துக்கு எனக்குப் பதில் வந்தது. என்னிடம் வராத பந்தையெல்லாம் ஹாஃப்கள்தான் தடுத்தார்கள் என்றீர்களே காக்கா, அது பாதிதான் சரி. ஃபார்வர்டு தலையைத் தூக்கிப் பார்ப்பான். நான் நிற்கிற இடத்தைப் பார்ப்பான். சரி, இந்தப் பக்கம் வேண்டாம் என்று பந்தை வேறு பக்கம் அனுப்புவான். அப்படி வராமல் போன பந்துகள் எவ்வளவோ. அதற்குக் கைதட்டு இல்லை. யாருக்கும் அது தெரியவும் தெரியாது. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், கேட்கத்தான் முடியாமல் போயிற்று.

காக்கா சொன்னதை ஊரறிய முழுவதும் ஒப்புக்கொண்டுவிட்டேன், அதை இனி மாற்றமாட்டேன். அவர் சொல்லாத இந்த மறுபாதி மட்டும் என்னிடம் இருக்கிறது. காக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதைச் சொல்வதற்கு ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.