வேட்டுக்குப் பதிலாக

பேஸ்பால் என்ற ஆட்டத்தை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது அறுபது வயதுக்கு மேல், மகன் வீட்டுத் தொலைக்காட்சியில்தான். பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. செஞ்சியில் எங்கள் வீட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நாங்கள் மூன்று பேர் ஆடிய ஆட்டத்தில் இதைவிட விறுவிறுப்பு அதிகம். எங்கள் ஆட்டத்தில் யாரும் வாயில் எதையோ போட்டு மென்றுகொண்டு சும்மா நிற்கவில்லை.

யுத்தம் முடிந்த சமயம். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தார். கப்பலேறி ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் விட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டி ஒன்றை எங்களுக்கு விளையாட்டுச் சாமான் என்று கொண்டுவந்தார். உள்ளே முப்பது வட்ட அட்டைகள், ஒரு சுழலும் முள், ஓர் இங்கிலீஷ் தாள். ஒவ்வொரு அட்டையும் ஓர் ஆட்டக்காரன். அட்டையை முள்ளைச் சுற்றிப் பொருத்தி விரலால் சுண்டிவிட்டால், முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அவன் செய்த காரியம். ஒன்றில் நின்றால் பந்தை அடித்துவிட்டு மூன்று மூலையும் சுற்றி ஒரே ஓட்டமாக வீடு வந்து சேர்ந்தான் என்று கணக்கு. இதையெல்லாம் சொல்லும் தாளின் கீழ்ப்பாதியைச் செல் அரித்துவிட்டிருந்தது. ஏழாம் எண்ணுக்குமேல் என்ன அர்த்தம் என்று யாருக்கும் தெரியாது. எத்தனை பேர் வெளியேறினால் அடுத்த கட்சிக்கு முறை வரும் என்பதும் தெரியாது.

அண்ணன் இரண்டே நாளில் அலுத்துப்போய்க் கிட்டிப்புள் ஆடப் போய்விட்டான். எனக்கு ஒன்பது வயது. அட்டைகளைத் தோசையாக்கிச் சொப்பு விளையாடினேன். விடாமல் பிடித்துக்கொண்டவள் அக்காதான்.

அவளுக்குப் பதினான்கு வயது. மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு, முடித்ததும் நைனா பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். உள்ளூர் உயர்நிலைப்பள்ளியில் எல்லாம் பையன்கள், அங்கே பெண்ணை அனுப்ப முடியாது என்பது அவர் கட்சி. அக்கா அழுது அடம்பிடிக்கவில்லை. அண்ணனுடைய கணக்குப் புத்தகத்தை அவனுக்கு முன்னாலேயே முடித்துவிட்டு, அவன் வீட்டுக்கணக்கையும் போட்டுக்கொடுத்தாள். அந்த மூளை இந்தப் பெட்டியின் மேல் திரும்பியது.

ஒரு நூலை எடுத்து முப்பது அட்டையிலும் ஒவ்வொரு எண்ணின் அகலத்தையும் அளந்தாள். பத்தாம் எண் எல்லோர் அட்டையிலும் தாராளமாக இருந்தது. நல்லது இவ்வளவு மலிவாக நடக்காது, ஆகவே பத்து என்றால் வெளியே போக வேண்டும் என்று தீர்மானித்தாள். ஒருவன் வெளியேறினாலே முறை மாறும் என்று வைத்து மூன்று நாள் தனியாக ஆடிப் பார்த்தாள். யாருமே வீடு வந்து சேரவில்லை. ஐந்து பேர் என்று வைத்தால் ஆட்டம் முடியவே இல்லை. மூன்று பேர் என்று வைத்ததும் எல்லாம் சீராக ஓடியது. மூன்றுதான் சட்டம் என்று எழுதி வைத்தாள். அவள் சொன்ன விதத்தில் அமெரிக்காக்காரனே தந்தி அடித்ததுபோல இருந்தது. அண்ணன் கிட்டிப்புள்ளைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

செஞ்சிக் கோட்டை நிற்கும் மூன்று மலைக்கு மூன்று கட்சி. அக்காவுக்கு ராஜகிரி, அண்ணனுக்குக் கிருஷ்ணகிரி, எனக்குச் சந்திரகிரி. கட்சிக்கு ஒன்பது பேர் போக மூன்று பேர் மிச்சம். அந்த வெள்ளைக்காரப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் நாங்களே பெயர் வைத்தோம். தூங்குமூஞ்சி, கோடாலி, பல்லன் என்று பலர் உண்டு என்றாலும் எல்லோருக்கும் தலைவன் வேட்டு. அவன் அட்டையில் ஒன்றாம் எண் மற்ற எவனைவிடவும் இரண்டு பங்கு அகலம். சுண்டினால் வீடுதான். அவன் ராஜகிரியில் இருந்தான். ஆகவே ராஜகிரியே ஜெயித்தது. நாங்கள் சமணர், பொழுது சாய்வதற்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். வெயில் நிஜமான ராஜகிரிக்குப் பின்னால் இறங்கத் தொடங்கும்போது அம்மா கூப்பிடுவாள். வேட்டு பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் என் கட்சியைத் தீர்த்துக்கட்டியிருப்பான்.

மழைக்காலம் வந்ததும் அட்டைகள் ஈரத்தில் உப்பி முள்ளைச் சுற்றி உட்காரவில்லை. ஆட்டத்துக்கு விடுமுறை விட்டாள் அக்கா. அந்த விடுமுறையில்தான் ஆட்களை மாற்றிக்கொள்ளும் பேரம் நடக்கும். உன் பல்லனைக் கொடு, என் ஆளில் எவனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று அண்ணன் நாளெல்லாம் என் பின்னாலேயே அலைவான். ஆனால் மழைக்காலத்தில் முனிவர்களே ஊர்விட்டு ஊர் போகமாட்டார்கள், ஒரே இடத்தில்தான் தங்குவார்கள். ஆட்டக்காரன் மட்டும் கட்சிவிட்டுக் கட்சி போகலாமா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. அக்கா அதைச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள். பேச்சு எப்போது வேண்டுமானாலும் பேசலாம். அட்டை கைமாறுவது மட்டும் மகாவீரர் முக்தியடைந்த தீபாவளி விடியலில்தான் என்று சட்டம் போட்டாள். நான் கேட்டு ஒரு சட்டம் வந்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அன்றைக்கே புது ஆள் எடுப்பதும் நடக்கும். ஒவ்வொரு கட்சியும் தன்னிடமுள்ள இரண்டு சோப்ளாங்கிகளைக் கழித்துவிட, அவர்களையும் மிச்சமிருந்த மூவரையும் சேர்த்துப் பாயில் பரப்பி வைப்போம். கடைசியாக வந்த கட்சிக்கு முதல் தேர்வு. கடைசி நான்தான் என்று சொல்லத் தேவையில்லை. யார் யாரை எடுப்பார்கள் என்று அக்கா முந்தின நாளே சீட்டில் எழுதிக் காலிப் பவுடர் டப்பாவில் போட்டு மூடிவிடுவாள். எழுதியது தப்பவே தப்பாது என்று சவாலும் விடுவாள்.

முதல் வருஷம் அவள் மூக்கை உடைப்பது என்று நான் கங்கணம் கட்டிக்கொண்டேன். பாயில் இருந்த ஒன்பது பேரில் ஓரளவு தேறுகிறவன் கோடாலி. அவனைத்தான் எடுப்பேன் என்று எழுதியிருப்பாள். நான் கோடாலியைத் தாண்டிப் போய், முப்பது பேரிலும் படுமோசமான தூங்குமூஞ்சியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அக்கா டப்பாவை என்னிடமே நீட்டினாள். திறந்து படித்தேன். “சந்திரகிரி என்னைத் தோற்கடிக்க நினைக்கும். தூங்குமூஞ்சியை எடுக்கும்” என்று முத்து முத்தாக எழுதியிருந்தது.

அந்த வருஷம் முழுக்க நான் தூங்குமூஞ்சியோடு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. ஆனாலும் என் மனதுக்குள் புகுந்து பார்த்துவிட்ட அக்காவின்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவளை என் அக்கா என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. பெரிய வீடாகப் பார்த்துக் குடிபோயிருக்கிறார். இடம் இருக்கிறது, ஒரு பிள்ளையைத் தன்னோடு வைத்துப் படிக்கவைக்க முடியும், தீபாவளிக்கு வந்து அழைத்துப்போகிறேன் என்று எழுதியிருந்தார். பையன்கள் பள்ளிக்கூடம், பெண்கள் பள்ளிக்கூடம் இரண்டும் நடக்கிற தூரத்தில் இருப்பதாக ஒரு வரி. நைனா அந்த வரியைச் சாதாரணமாகப் படித்துக் கடந்துபோனார். மூன்று பேரில் யார் என்று யோசிப்பதற்கு எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது? அண்ணனுக்குச் சட்டை தைக்கத் துணி வந்தது.

அண்ணனுக்குத் தரையில் கால் பாவவில்லை. ட்ராமில் தினமும் போவேன், கடலில் குளிப்பேன், மாமாவோடு கப்பலுக்குள் போய்ப் பார்ப்பேன் என்று அளந்துகொண்டே இருந்தான். கேட்டுக் கேட்டு எனக்கே ட்ராமில் போய்வந்ததுபோல அலுத்துவிட்டது. அந்தக் கடிதம் மாடத்தில் இருந்தது. அக்கா அதை எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைப்பதை மூன்று முறை பார்த்தேன். ஒரு கடிதத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அதன் பிறகு ஒரு பிற்பகல், மூட்டைகளுக்குப் பின்னால் அவளும் அண்ணனும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கண் சிவந்திருந்தது. நான் கிட்டே போனதும் அண்ணன் குரலை உயர்த்தினான்.

“வேட்டுவ குடுத்துடு. அப்பத்தான் ஒத்துக்குவேன்.”

“நெசமாவா? வேட்டு மட்டும் போதுமாடா?”

“வேட்டு போதும். வேற ஒண்ணும் வேணாம். அழுவாத.”

வேட்டு கிருஷ்ணகிரிக்குப் போவதாவது! போதாததற்கு அண்ணன் சென்னைக்குப் போகப்போகிறவன். வேட்டுவையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டால் என்ன ஆவது? பதிலுக்கு அவன் எந்த ஆளைக் கொடுக்கிறான் என்று அக்காவைத் துளைத்தெடுத்தேன். “தீபாவளி வரட்டும், பாப்போம்” என்றாள்.

தீபாவளி விடியலில் கோயிலுக்குப் போய்வந்ததும் பாயை விரித்தோம். அக்கா ராஜகிரியின் அட்டைக் கட்டிலிருந்து வேட்டுவை உருவி அண்ணன் கையில் வைத்தாள். அண்ணன் ஒன்றும் தரவில்லை. நான் துள்ளிக் குதித்தேன்.

“பதிலுக்கு இன்னா? மாத்தினா ரெண்டு பக்கமும் காட்டணும்னு சட்டம் இருக்குது!”

“வந்துடும்” என்றாள் அக்கா. “பதிலுக்கு வர்றது அட்டை இல்ல.”

அண்ணன் என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு எழுந்து போனான்.

மாமா வந்தார். சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தபோது அம்மா அண்ணன் இலையில் இரண்டாவது முறை இனிப்பு வைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்போது அவன் இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“நான் மெட்ராசுக்குப் போவல. அக்காவ அனுப்புங்க.”

நைனா அதட்டினார். அம்மா, பிள்ளைக்கு வீட்டைவிட்டுப் போக மனசில்லை போலிருக்கிறது என்று அழவும் சிரிக்கவும் செய்தாள். கட்டாயப்படுத்தினால் திண்டிவனத்திலேயே இறங்கித் திரும்பி வந்துவிடுவேன் என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். இத்தனை நாள் ட்ராம் ட்ராம் என்று உயிரை வாங்கியவன் இப்படி அந்தர்பல்டி அடிப்பானா என்று நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

நைனா மாமாவிடம், “பொம்பளப் புள்ள அங்க வந்து படிச்சி இன்னா பண்ணப் போவுது?” என்றார்.

மாமா அக்காவிடம் திரும்பி, அந்தப் பாதித் தாளை வைத்துக்கொண்டு எப்படித்தான் ஆடுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா தன் சட்டங்களைச் சொன்னாள். மூன்று பேர் வெளியேறினால் முறை மாறும் என்றதும் மாமா கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். துறைமுகத்தில் சிப்பாய்கள் ஆடி அவர் பார்த்திருக்கிறார். அங்கேயும் மூன்றுதான்.

“யார் சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல மாமா. மூணுன்னாதான் சரியா வருது.”

மாமா நைனாவைப் பார்த்தார். “செல் அரிச்ச பாதியை இந்தப் பொண்ணு தானாவே எழுதியிருக்குது. எங்க ஆபீசுல இப்படி ஒரு ஆள் கிடையாது. நான் இவளையே கூட்டிட்டுப் போறேன்.”

நைனா மோர்ச் செம்பைத் தன் பக்கம் இழுத்தார். மோரை ஊற்றிக்கொண்டார். குடித்துவிட்டு எழுந்து கை கழுவினார். பிறகு யாரையும் பார்க்காமல், “சரி. கெடச்ச எடத்த எதுக்கு வீணாக்குறது? அவளே போவட்டும்” என்றார்.

அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். எச்சில் கை காய்ந்துபோகும்வரை எழுந்திருக்கவில்லை.

அன்று ஆள் எடுக்கவில்லை என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. இருந்தாலும் சீட்டு எழுதியிருப்பாளே என்று போய் டப்பாவைத் திறந்தேன். ஒரே ஒரு சீட்டு. அதில் எந்த ஆட்டக்காரன் பெயரும் இல்லை. “நைனா முதலில் மாட்டேன் என்பார். பிறகு, கிடைத்த இடத்தை வீணாக்கக் கூடாது என்பார்” என்று எழுதியிருந்தது. மல்லாட்டை மண்டியில் ஒரு கோணியைக்கூட வீணாக்காத மனுஷரை அவள் அத்தனை சரியாகப் படித்திருந்தாள். மாமா என்ன சொல்வார், அம்மா என்ன செய்வாள் என்று எழுதவில்லை. நைனா வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தை ஒன்றுதான் அவளுக்கு முக்கியமாக இருந்திருக்கிறது. அக்கா மாதிரி ஒருத்தி உலகத்திலேயே கிடையாது என்று அப்போது நினைத்தேன். இன்றும் அதை மாற்றிக்கொள்ளக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் புறப்பட்டாள். கரியில் ஓடும் பஸ் அது. கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம் புகையும். அண்ணனுக்கு என்று தைத்த சட்டையை அவனே போட்டுக்கொண்டு அவள் பெட்டியைத் தூக்கி வந்தான். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நகர்ந்ததும் அவன் கூடவே கொஞ்ச தூரம் ஓடினான். திரும்பி வந்தபோது முகமெல்லாம் கரிப்புகை, அதில் இரண்டு கோடுகள். கண்ணில் புகை பட்டுவிட்டது என்றான்.

எனக்கோ அடக்கிவைத்த ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. அக்கா போய்விட்டாள், வேட்டு இவன் சட்டைப்பையில் இருக்கிறான். கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டானா?

“அக்காவ நல்லா ஏமாத்திட்ட” என்றேன். “அம்மாம் பெரிய ஆட்டக்காரன வாங்கிக்கினு பதிலுக்கு நீ ஒண்ணுமே குடுக்கல.”

அண்ணன் பஸ் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“ஆமா, ஒண்ணும் குடுக்கல” என்றான்.

திருடன் தானே ஒப்புக்கொண்டான் என்று எனக்கு ஒரே திருப்தி. அவனோடு பேசுவதில்லை என்று முடிவுசெய்து, தலையை நிமிர்த்திக்கொண்டு வீடுவரை அவனுக்கு முன்னால் நடந்து போனேன்.