ஏழு பேருக்குக் குறிப்பு எழுதியவர்

கடைக்குள் நுழைகிறவர்களின் முகத்தை வெர்ன் ஹால்ஸ்டெட் பார்ப்பதில்லை, முழங்காலைப் பார்ப்பார். ஆணி வாங்க வந்த தபால்காரரிடம், "இடது பக்கம் சாய்ச்சு நடக்கிறீங்களே, மாடிப்படி ஏறும்போது வலிக்குதா?" என்பார். வலிக்கத்தான் செய்யும். "மூஞ்சி பொய் சொல்லும், முட்டி சொல்லாது" என்று முணுமுணுத்துவிட்டு ஆணியை நிறுக்கப் போய்விடுவார். அவருக்கு எழுபத்தொரு வயது. அதே கடையில் நான் பெயின்ட் கலக்குகிறேன். ஒன்பது வருடமாகப் பக்கத்துப் பக்கத்து மேசை.

டொலீடோவில் அவரைத் தெரியாதவர்கள் குறைவு. அதுதான் அவருக்குத் தொல்லை. பந்தைக் கையில் ஏந்தி மோதி ஆடும் அமெரிக்கக் கால்பந்தில், எங்கள் ஊர்த் தொழில்முறை அணியான லேக்மென்னுக்கு ஆள் தேடித் தந்தவர் அவர். கல்லூரி கல்லூரியாகக் காரில் அலைந்து, பையன்கள் ஓடுவதையும் மோதுவதையும் பார்த்துக் குறிப்பு எழுதுவது வேலை. ஏப்ரல் மாதம் அணிகள் சுற்றுச் சுற்றாக முறைவைத்து ஆள் எடுக்கும் டிராஃப்ட்டில், அந்தக் குறிப்புகளை நம்பித்தான் பெயர் சொல்வார்கள். 2009இல் அவர் பேச்சைக் கேட்டு ஏழு பேரை எடுத்தார்கள். மூன்றாவது பருவம் தொடங்கியபோது ஏழில் ஒருவர்கூட அணியில் இல்லை. முதலில் எடுத்தவனுக்குத் தோள்பட்டை நழுவியது; இப்போது ஃப்ளோரிடாவில் படகு விற்கிறான். இன்னொருவன் பயிற்சி முகாமின் நான்காம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய்விட்டான். அணி வெர்னையும் வீட்டுக்கு அனுப்பியது.

ஊர் விடவில்லை. "வெர்ன், இந்தச் சுத்தியல் எத்தனாவது ரவுண்டுல எடுத்தது? முதல் அடியிலயே ஒடஞ்சிடாதே?" என்று கேட்காத சனிக்கிழமை கிடையாது. "ரசீதோட கொண்டு வாய்யா, மாத்தித் தரேன்" என்று அவரும் சிரிப்பார்.  அன்று மத்தியானம் சாண்ட்விச்சின் ஓரங்களை மட்டும் தின்றுவிட்டு, நடுப்பகுதியைக் காகிதத்தில் மடித்துக் குப்பைக்கூடையில் போடுவார்.

போன ஏப்ரலில் உள்ளூர் வானொலியிலிருந்து கூப்பிட்டார்கள். பதினைந்து வருடம் ஆகிறதாம். 'லேக்மென் வரலாற்றிலேயே மோசமான டிராஃப்ட்' என்று ஒரு நிகழ்ச்சியாம். அவரே வந்து பேச வேண்டுமாம். மறுப்பார் என்று நினைத்தேன். "போறேன்" என்றார். "ஓடிஸைப் பத்திச் சொல்லணும். ஆனா அவன் அக்காகிட்ட முதல்ல சொல்லிடணும்."

அந்த ஏழு பேரில், ஐந்தாம் சுற்றில் எடுத்த ஓடிஸ் ஃபான்ட்ராய் பத்தொன்பது ஆட்டம் ஆடினான். எதிராளி மேல் தலையைக் கொடுத்து மோதுவதுதான் அவன் ஆட்டம். இப்போது முப்பத்தேழு வயதில், லைமாவில் அக்கா கொரீன் வீட்டில் இருக்கிறான். அவனைத் தனியே விட முடியாது; அவள் மருத்துவமனைச் சமையலறைக்கு வேலைக்குப் போகும் செவ்வாய்க்கிழமைகளில் வெர்ன் காரில் போய் அவனுடன் இருந்துவிட்டு வருவார். ஆறு வருடமாக ஒரு வாரம் தவறியதில்லை. அந்த வாரம் அவர் கார் பட்டறையில் இருந்ததால் நான் ஓட்டிக்கொண்டு போனேன்.

கொரீன் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். வெர்ன் தொப்பியைக் கழற்றாமலேயே சொன்னார்.

"கொரீன், அவன் காலேஜ்ல நாலு தடவ தலையில அடிபட்டு நினைவு தப்பி விழுந்திருக்கான். டிரெய்னர் எங்கிட்ட சொன்னார். நான் ரெண்டுன்னு எழுதினேன். நாலுன்னு எழுதியிருந்தா எந்த டீமும் எடுத்திருக்காது."

கோட்டின் பொத்தானில் அவள் கை நின்றது. "பதினஞ்சு வருஷம் கழிச்சு சொல்றீங்க."

"அவனேதான் எங்கிட்ட கெஞ்சினான், ரெண்டுன்னு எழுதுங்கன்னு..."

"அவனுக்கு அப்ப இருபத்திரண்டு வயசு. ஆடணும்னா என்ன வேணா கெஞ்சுவான். உங்களுக்கு அம்பத்தாறு."

வெர்ன் தலையாட்டினார். "ரேடியோவுல கூப்பிட்டிருக்காங்க. எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன்."

"சொல்லுங்க. அழுங்க. பாவம் பெரியவர்னு ஊரே சொல்லும். உங்க நெஞ்சு லேசாயிடும். எனக்கு? இவனுக்குப் பேன்ட் மாட்டிவிட அவங்க வருவாங்களா?"

வெர்ன் தொப்பியைக் கழற்றினார். "நான் இனிமே இங்க வர வேண்டாம்னா..." என்று ஆரம்பித்தார்.

"அப்படியெல்லாம் தப்பிச்சுக்க முடியாது. அடுத்த செவ்வாயும் பத்து மணிக்கு இங்க இருக்கணும். எனக்கு டூட்டி இருக்கு." கதவு சாத்திக்கொண்டது. அவளுடைய கார் உடனே கிளம்பவில்லை. வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் கேட்டது.

வானொலிக்கு அவர் போகவில்லை. அவர் இல்லாமலே ஏழு பேரையும் சொல்லிச் சிரித்தார்கள். அன்று கடையிலும் அது ஓடியது. நான்தான் போய் நிறுத்தினேன்.

இதெல்லாம் பிறகு. அந்தச் செவ்வாய்க்கிழமை, அவ்வளவு பேச்சுக்கும் ஓடிஸ் சன்னலோரமே உட்கார்ந்திருந்தான். இடது செருப்பை வலது காலில் போட்டிருந்தான். கார் போன பிறகு எங்கள் பக்கம் திரும்பினான்.

"சார், யாரைப் பாக்கணும்?"

"உன்னத்தான் ஓடிஸ். நான் வெர்ன்."

"எந்த டீம் சார்?"

வெர்ன் என்னைப் பார்த்தார். "வாராவாரம் கேப்பான்" என்றார் மெதுவாக. பிறகு அவன் பக்கம் திரும்பி, "லேக்மென். டொலீடோ" என்றார்.

ஓடிஸின் முகம் பளிச்சென்று மலர்ந்தது. நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான். சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டு தடுமாறித் தடுமாறிச் சுவர் வரை நடந்தான். கல்லூரிகளில் உயரம் அளக்க நிற்பதுபோல, குதிகால் இரண்டையும் சுவரில் ஒட்டி, மோவாயை நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அளந்துக்கங்க சார்."

வெர்ன் போய், உள்ளங்கையை விரித்து அவன் உச்சந்தலையில் வைத்தார். "ஆறடி ரெண்டு" என்றார். கையை எடுக்கவில்லை.