மாடி வீட்டுக்காரர் எடுத்த படம்

போட்டி விதி ஆறு தெளிவாகவே இருந்தது: படத்தில் இருப்பவர்கள் போட்டியாளரின் குடும்பத்தினராக இருக்க வேண்டும், பிறர் என்றால் அவர்களது சம்மதம் எழுத்தில் வேண்டும். 1999இல் பெங்களூர் ஆஸ்டின் டவுனில், எங்கள் தெருச் சங்கம் நவம்பரில் கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவத்துக்கு நடத்திய புகைப்படப் போட்டி அது. முதல் பரிசு எங்கள் மாடியில் குடியிருந்தவருக்கு. படத்தில் இருந்தது என் மனைவியும் எங்கள் நாயும்.

நானும் கலந்துகொண்டிருந்தேன். ஓய்வு பெற்றதிலிருந்து ஒன்பது வருடமாக, பொங்கல்தோறும் அவர்கள் இருவரையும்தான் எடுத்துவந்தேன்; அதே வாசல், அதே தூரம். கேமரா ஸ்டாண்டின் மூன்று கால்களுக்கும் தரையில் பெயிண்ட் அடையாளம். குட்டியாக இருந்தபோது நாய் ஒரு நொடி நிற்காமல் படத்தில் வெறும் புகையாக விழுந்தது. வயதான பின் தலையைத் தூக்கவே மறுத்தது. மனைவி ஒன்பதிலும் பாஸ்போர்ட்டுக்கு நிற்பதுபோல உதட்டை இறுக்கியிருந்தாள். "சீக்கிரம் எடுங்க, பொங்கல் அடி பிடிக்குது" என்பாள். அவசரம் என்றே நினைத்தேன்.

மாடிக்காரர் படத்தில் அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து, நாயின் நரைத்த முகத்தை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். பல் விழுந்த இடம்கூடத் தெரிகிறது. முப்பத்தைந்து வருடத்தில் என் கேமராவுக்குக் கிடைக்காத சிரிப்பு. கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும், ஒரு ஸ்டாண்டுகூட இல்லாத பிரம்மச்சாரிக்கு அது எப்படிக் கிடைத்தது?

பரிசுப் படங்களை மாட்டியிருந்த பலகை முன் நின்று, "நாய் நல்லா விழுந்திருக்குங்க" என்றாள் மனைவி.

"நீயும்தான்" என்றேன்.

"வெயில் ஏறுது, போலாம்" என்று நடந்துவிட்டாள்.

அன்றே விதி ஆறைச் சுட்டிக்காட்டி மூன்று பிரதிகளில் ஆட்சேபம் எழுதினேன். சங்கச் செயலாளர் சலித்துக்கொண்டார்: "உங்க வீட்டம்மா போட்டோதானே சார், சந்தோஷப்பட வேணாமா?" ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கினேன். பிறகு இரண்டு நினைவூட்டல்கள். வீட்டில் மூச்சு விடவில்லை.

கடைசியில் வந்த பதிலோடு சம்மதக் கடிதத்தின் ஜெராக்ஸ் இருந்தது. என் மனைவியின் கையெழுத்து. விதிப்படி ஒரு குறையும் இல்லை. கீழே ஒரு வரி சேர்த்திருந்தாள்: "தம்பி, எனக்கும் ஒரு காப்பி வேண்டும். வீட்டில் கொண்டுவந்து கொடுக்க வேண்டாம், நானே மேலே வந்து வாங்கிக்கொள்கிறேன்."

அதைப் பற்றி அவளிடம் இன்றுவரை கேட்கவில்லை. பொறாமையும் போகவில்லை, ஆனால் நான் கேமராவோடு நின்றால் இந்த வீட்டில் சிரிப்பு ஒளிந்துகொள்கிறது என்பதை, மேல்முறையீடு இல்லாமல் ஏற்றுக்கொண்ட நாள், அந்தப் பதில் வந்த 1999 டிசம்பர் 20.