வரைபடத்தில் இல்லாத கடலைக் கடை

சென்னையில் நான் படித்த கட்டடக்கலைக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களைப் பத்து நாள் ஏதாவது ஓர் ஊருக்கு அழைத்துப் போவார்கள். ஆய்வு முகாம் என்று பெயர். எங்களுக்கு முந்தைய வகுப்பு கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போய்விட்டு வந்து மாதக்கணக்கில் மீன் குழம்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது. எங்கள் முறை வந்தபோது அறிவிப்புப் பலகையில் திருவண்ணாமலை என்று ஒட்டியிருந்தார்கள். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. எங்கள் வீடு அந்த ஊரிலேயே வேங்கிக்காலில் இருக்கிறது, கலெக்டர் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம்.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இருபது வருடம் பார்த்த ஊரை இன்னொரு முறை பார்ப்பதற்கு பஸ் ஏற வேண்டுமா என்று தோன்றியது. ஆனால் முகாம் தொடங்கிய அன்றே ஏமாற்றம் போய், ஒரு மிதப்பு வந்துவிட்டது. எந்தக் கடையில் டிபன் நன்றாக இருக்கும், எந்த ஷேர் ஆட்டோ எங்கே போகும் என்று எல்லாரும் என்னிடமே கேட்டார்கள். எங்கள் பேராசிரியை கூட, "இந்தப் பக்கம் குறுக்கு வழி இருக்கா?" என்று என்னைக் கேட்டார்.

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பகுதியை அளந்து வரைய வேண்டும். பௌர்ணமிக்கு வரும் கூட்டம் உட்காரவும் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை போகவும் என்ன செய்யலாம் என்று அந்த வரைபடத்தின் மேல் வடிவமைக்க வேண்டும். பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, நாலு பேருக்கு ஒரு துண்டு என்று கொடுத்தார்கள். கடைசி நாள் ஊர்க்காரர்களை அழைத்து, அங்கேயே ஒரு கல்யாண மண்டபத்தில் கண்காட்சி வைப்பதாகத் திட்டம். இடையில் சுண்ணாம்புப் பூச்சுப் பயிற்சி, ஏரிகளுக்குத் தண்ணீர் வரும் வழியைப் பற்றி ஒரு பொறியாளரின் பேச்சு என்று வேறு நிகழ்ச்சிகளும் இருந்தன. சுண்ணாம்பில் கை வெந்து இரண்டு நாள் எரிந்தது நினைவிருக்கிறது. பொறியாளர் பேசும்போது நான் பாதி தூங்கிவிட்டேன்.

எங்கள் குழுவில் நான் தலைவி. மூன்றாம் நாள் மதியம், எங்கள் துண்டில் இன்னும் அறுபது மீட்டர் மிச்சமிருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அளவு டேப் நனைந்து, தாள் ஊறி, பேனா எழுதவில்லை. குழுவில் ஒருத்திக்குக் காய்ச்சல் வேறு.

"நீங்க ரூமுக்குப் போங்க. மிச்சத்த நான் போட்டுடறேன்" என்றேன்.

"தனியா எப்படி அளப்ப?"

"அளக்கவே வேணாம். எனக்குத் தெரியாத ரோடா இது?"

அன்று மாலை லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அந்த அறுபது மீட்டரை நினைவிலிருந்தே வரைந்தேன். ஒரு வீடு, ஒரு மதில் சுவர், ஒரு வேப்பமரம், பிறகு காலி மனை. பன்னிரண்டாவது படிக்கும்வரை பௌர்ணமிதோறும் அம்மாவுடன் நடந்த வழி. காலடி வைத்து எண்ணிய மாதிரி நீள அகலங்களையும் எழுதினேன். மற்ற மூன்று பக்கங்களில் டேப் வைத்து எடுத்த எண்கள், இந்தப் பக்கத்தில் நானாகப் போட்ட எண்கள். பார்த்தால் வித்தியாசமே தெரியவில்லை. அதைப் பார்த்து எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எல்லாத் துண்டுகளையும் சேர்த்து ஒரே பெரிய வரைபடம் ஆக்கினோம். எங்கள் வகுப்புக் கோயம்புத்தூர்க்காரன் ஒருவன் தலைமையில் இன்னொரு குழு, நான் போட்ட அந்தக் காலி மனையில் கழிப்பறைக் கட்டடத்தை வடிவமைத்தது. பெண்களுக்குத் தனி வாசல், குழந்தைக்குப் பால் கொடுக்க ஓர் அறை, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். நாலு நாள் உழைத்து அட்டையில் மாதிரியும் செய்தார்கள். கண்காட்சியில் நடுமேசை அவர்களுக்குத்தான்.

கண்காட்சி அன்று காலை பத்து மணியிலிருந்தே ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், கணவருடன் வந்தார். கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் என்று காக்கிச் சட்டையிலேயே தெரிந்தது. இருவரும் பெரிய வரைபடத்தின் முன் நின்று, தங்கள் தெருவைக் கண்டுபிடித்து, விரலால் தொட்டுக்கொண்டே போனார்கள். எங்கள் துண்டின் முன் விரல் நின்றது.

"ஏம்மா, எங்க கட எங்க?"

"எந்தக் கட, அக்கா?"

"வேவிச்ச கல்லக்காவும் டீயும் போடறமே, வேப்பமரத்துக்குப் பக்கத்துல. தகரக் கொட்டா. நீங்கல்லாம் கூட ஒருநாள் கொஞ்சம் தள்ளி டேப்பு இழுத்துக்குனு இருந்தீங்களே."

எங்கள் பக்கத்தில் நிலக்கடலையைக் கல்லக்கா என்பார்கள். அவர் கணவர் மேசையில் இருந்த மாதிரியைக் காட்டினார். "அதான் இங்க கக்கூஸ் கட்டிக்கிறாங்களே. நம்ம கட மேலதான் கட்டிக்கிறாங்க."

பக்கத்தில் நின்ற சிலர் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. "கடைய எடுக்கப் போறாங்களா? யாரும் எங்களுக்கு சொல்லவே இல்லியே" என்று கேட்டார். மாணவர் வேலையை அவர் அரசாங்க உத்தரவாகப் பார்க்கிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

பேராசிரியை வந்தார். "இது காலேஜ் பசங்க செஞ்சது, யாரும் எதையும் எடுக்கப் போறதில்லைங்க" என்று அவரிடம் இரண்டு முறை சொன்னார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "இந்தப் பகுதியை யாரு அளந்தது?"

என் குழுவிலிருந்த ஒருத்தி எனக்காக முந்திக்கொண்டாள். "மழைல நோட்டு நனைஞ்சுடுச்சு மேம். கொஞ்சம் அழிஞ்சுபோச்சு."

அதைப் பிடித்துக்கொண்டு தப்பித்திருக்கலாம். அந்தப் பெண் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"அளக்கல மேம்" என்றேன். "ஞாபகத்துல இருந்து போட்டேன்."

"கடை எவ்வளவு நாளா இருக்குதுங்க?" என்று பேராசிரியை அவர்களைக் கேட்டார்.

"ரெண்டு வருசம் ஆவுது."

நான் சென்னைக்குப் படிக்கப் போன பிறகு வந்த கடை. கோயம்புத்தூர்க்காரன் குழுவும் முகாமின் நடுவே வந்த பௌர்ணமியன்று அதைப் பார்த்திருக்கிறார்கள். வரைபடத்தில் இல்லாததால், அன்றைக்கு மட்டும் போட்ட கடை என்று நினைத்துவிட்டார்கள்.

பேராசிரியை திட்டவில்லை. ஒரு தடித்த பேனாவை என்னிடம் கொடுத்து, "என்ன நடந்ததோ அத அந்த இடத்துலயே எழுது" என்றார். 'இந்தப் பகுதி அளக்கப்படவில்லை' என்று எழுதினேன். சாயங்காலம் வரை அது அப்படியே தொங்கியது. வந்தவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் படித்தார்கள். கோயம்புத்தூர்க்காரன் மாதிரியைத் துணிபோட்டு மூடினான். என்னிடம் வந்து, "எங்க நாலு பேரோட நாலு நாள்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் வகுப்பு பஸ் ஏறியது. நான் அனுமதி வாங்கிக்கொண்டு தங்கிவிட்டேன். காலை ஏழு மணிக்கே டேப்போடு கடைக்குப் போனேன். தனியாக டேப் பிடிக்க முடியாது என்பது அங்கே போய் நின்ற பிறகுதான் உறைத்தது. அந்த அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து ஒரு முனையைப் பிடித்தார்.

"இன்னா இவ்ளோ சின்ன விசயத்துக்கு வந்துக்கீற? மெட்ராசுக்குப் போவலியா?"

"தப்பா போட்டது நாந்தான்க்கா."

"அது சரி. இழுத்துப் புடி, தொய்யுது பாரு."

கடைக்குப் பின்னால் அளக்கும்போது, புல் மூடிய ஒரு வாய்க்கால் இருந்தது. மழைக்கு மலைத் தண்ணீர் அதில்தான் இறங்கும் என்றார். கடை இல்லாவிட்டாலும் அங்கே கழிப்பறை கட்டியிருக்க முடியாது. பொறியாளர் பேசும்போது விழித்திருந்தால் அப்படி ஒன்று இருக்குமா என்று தேடவாவது தோன்றியிருக்கும்.

அளவுகளைப் படம் எடுத்துக் கோயம்புத்தூர்க்காரனுக்கு அனுப்பினேன். 'பார்த்தேன்' என்று ஒரே சொல் வந்தது. அவர்கள் கட்டடத்தை எதிர்ப்பக்கம் தள்ளி, புதிதாக வரைந்து, ஆசிரியர் குழு மதிப்பிடும் பருவ இறுதி ஜூரியில் நல்ல பெயர் வாங்கினார்கள். எனக்கு அளவுப் பணியில் தேர்ச்சிக்கு மட்டும் மதிப்பெண் போட்டார்கள். அவன் ஒரு பருவம் முழுக்க என்னிடம் பேசவில்லை. அடுத்த பருவம் நாங்கள் வரையும் ஸ்டுடியோ அறையில் ஒரே மேசை கிடைத்ததால் பேச வேண்டியதாயிற்று. அதன் பிறகு சாதாரணமாகத்தான் இருந்தோம்.

தீபாவளி லீவில் திருத்திய வரைபடத்தின் ஒரு பிரதியை அந்த அக்காவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கடையைக் கண்டுபிடித்து, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பெஞ்சு ஒண்ணுதான் போட்டுக்கீற. ரெண்டு கீதே?"

திரும்பிப் பார்த்தேன். இரண்டு இருந்தன.

"போன மாசம் வாங்கனது" என்றார்.

டேப் கொண்டுவரவில்லை. கடையிலிருந்த மர ஸ்கேலை வாங்கி, குனிந்து அளந்து, பேனாவால் இரண்டாவது பெஞ்சையும் போட்டுக் கொடுத்தேன். அவர் டீ போடப் போய்விட்டார்.