சவ்வுக்குக் காது கொடுப்பவர்

கண்ணாடித் தட்டிலிருந்து உரித்தெடுத்த சவ்வின் ஓரத்தைக் காதருகே கொண்டுபோய் மெல்லக் கசக்குகிறார் கேத்தரின். சரசரவென்றால் உதட்டைப் பிதுக்குவார்: மிதமிஞ்சிக் காய்ந்துவிட்டது, வளைத்தால் உடையும். சத்தமே வராவிட்டாலும் பிதுக்குவார்: தண்ணீரில் போட்டதும் கொழகொழத்துவிடும். கடையில் பிஸ்கட் பாக்கெட்டைக் கையில் எடுத்தாலும் முதலில் காதுக்குத்தான் போகும். “ஒனக்கு பிஸ்கட் வேணுமா, பேப்பர் வேணுமா?” என்பார் கணவர் லாயிட்.

லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் மாறி, நகரின் மறுகோடித் தொழிற்பேட்டையான பொம்மசந்திராவுக்கு வருகிறார். எரிபொருள் மின்கலம் செய்ய முயலும் சிறிய கம்பெனி அது. கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டிருந்தவர், நாற்பது வயதில் அதை உதறிவிட்டு இங்கே சேர்ந்தபோது “பைத்தியமா?” என்று கேட்காதவர் லாயிட் ஒருவர்தான்.

மின்கலத்தில் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவே சவ்வு. அது புரோட்டான்களை மட்டும் கடக்க விட வேண்டும். வாயுவை விடவே கூடாது. வெளிநாட்டுச் சவ்வு யானை விலை. கேத்தரின் கையில் எடுத்தது நெசவு மில்களில் பாவு நூலுக்கு விறைப்பேற்றும் கஞ்சியாகும் சாதாரண பாலிமர். அதன் நீண்ட சங்கிலிகளை ஓர் அமிலத்தால் குறுக்கே பிணைக்கிறார். புரோட்டானுக்கு வழிவிடுவதும் அதே அமிலம்தான். பிணைப்பு குறைந்தால் சவ்வு கரையும், கூடினால் வழி அடைபடும். யாராவது விளக்கம் கேட்டால் சிரிப்பார். “பக்கத்துல நிக்கிறவன் கையப் புடிச்சுக்கணும்ப்பா. கழுத்தப் புடிச்சா யாரு நகர முடியும்?”

2003 ஜனவரியில் மேலாளர் சுந்தரேசன் அவரை அறைக்கு அழைத்தார்.

“மேடம், சவ்வு ஒவ்வொரு தடவையும் லீக் ஆகுதேன்னு மேனேஜ்மென்ட்ல கேக்கறாங்க. மார்ச்சோட இத நிறுத்திட்டு வெளியிலயே வாங்கிக்கலாம்ன்றாங்க.”

“எங்க தப்புன்னு தெரியாம மூடாதீங்க சார். அதுவரைக்கும் டைம் குடுங்க.”

“மார்ச் வரைக்கும்தான் மேடம்.”

சவ்வை மின்கலத்தில் பொருத்திச் சோதிப்பவன் அசோகன், ஓசூர்க்காரன். பிப்ரவரியிலும் அவன் கொண்டுவந்த செய்தி மாறவில்லை. “மறுபடியும் லீக் மேடம். சும்னே டைம் வேஸ்ட்டு” என்று கன்னடம் கலந்து அலுத்துக்கொண்டான்.

கேத்தரின் கோபப்படவில்லை. தோற்றுப்போன சவ்வைக் கேட்டு வாங்கினார். ஓரத்தை வெட்டி, நீரில் ஊறவைத்து, உருப்பெருக்கியின் கீழே வைத்துப் பார்த்தார். மேலும் கீழும் தோல் கெட்டியாக இருந்தது. நடுப்பகுதி பாலில் தோய்த்த ரொட்டியாக உப்பியிருந்தது.

“இங்க பாரு அசோகா. மேல மட்டும் இறுகியிருக்கு. உள்ள ஒருத்தரும் ஒருத்தரப் புடிக்கவே இல்ல. அவசரப்பட்டு அடுப்புல வெச்சது நாமதான்.”

அடுத்த கலவையைத் தட்டில் ஊற்றியதும் சூட்டடுப்புப் பக்கமே போகவில்லை. மெல்லிய துணியால் மூடி, ஈரம் தன் போக்கில் போகட்டும் என்று விட்டுவிட்டார். நாள்கள் ஓடின. தட்டைக் கடக்கும்போதெல்லாம் துணியை விலக்கக் கை நீளும். தன் கையைத் தானே அடித்துக்கொள்வார். கல்லூரியில் தன் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்ற நினைப்பு பஸ்ஸில் ஜன்னலோரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைசியில் தட்டை அடுப்பில் வைத்து, சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்.

மார்ச்சில் அந்தச் சவ்வைப் பொருத்தினார்கள். அசோகன் வாயுவைத் திறந்தான். மின்னழுத்த எண் ஏறியது. வழக்கமாகச் சரியத் தொடங்கும் நேரம் வந்தது. கேத்தரின் கண்ணை மூடிக்கொண்டார்.

“மேடம், கண்ணத் தெறங்க. நிக்குது.”

மேசைமேல் மின்கலத்தோடு இணைத்திருந்த சிறிய விசிறி சுழன்றது. மதியச் சாப்பாடு முடிந்து திரும்பியபோதும் சுழன்றுகொண்டிருந்தது. சுந்தரேசன் வந்து, அதன் முன்னே முகத்தைக் காட்டிக் காற்று வாங்கினார்.

“ஜாஸ்தி நாள் தாங்குமா?”

“தெரியாது சார். இனிமேதான் பாக்கணும்.”

“பாருங்க. மார்ச்சோட நிறுத்த வேணாம்னு நான் பேசிக்கறேன்.”

அவர் போன பிறகும் அசோகன் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். கேத்தரின் மின்கலத்தின் மறுபுறம் குனிந்தார். காற்று வெளியேறும் குழாயின் நுனியில், ஹைட்ரஜனும் காற்றும் சேர்ந்து பிறந்த ஒரு சொட்டுத் தண்ணீர் விழாமல் தொங்கியது. அதை விரல் நுனியில் ஏந்திக்கொண்டார். மாதா கோயில் வாசலில் தீர்த்தத்தைத் தொட்டுவிட்டுப் பின்னால் வருபவருக்கும் அந்த ஈரம் படக் கை நீட்டுவதைப்போல, ஈர விரலை அசோகன் பக்கம் நீட்டினார்.