சொத்தைக் கத்தரிக்காய் சொன்ன சாட்சி

லூர்துபிரகாஷ் பதினெட்டு வருஷம் பூச்சிகளுக்கு எமனாக இருந்தவர். வில்லியனூர்ப் பக்கம் ஒரு பூச்சிமருந்துக் கடையில், எந்தப் பயிருக்கு எந்த டப்பா என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுப்பார். அந்த நெடி மூக்கில் நிரந்தரமாகக் குடியேறி, வீட்டு ரசத்துக்கும் டப்பா வாசனை வர ஆரம்பித்த பிறகுதான் வேலையை விட்டார். விட்ட கையோடு நகரத்தில் சாரம் பகுதியில் இயற்கைக் காய்கறிக் கடை திறந்தார். செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. அதற்காகக் கடை போட்டவர் இவர் ஒருவர்தான்.

பாகூர் கோவிந்தராசு நிலத்துக் காய் மட்டுமே கடைக்கு வரும். யூரியா இல்லை, மருந்து இல்லை, சான்றிதழ் உண்டு. சத்து அதிகமா என்று யாராவது கேட்டால் லூர்து உண்மையைச் சொல்லித் தொலைப்பார்.

"சத்து ஏறக்கொறைய ஒண்ணுதாங்க. இதுல மருந்து எச்சம் கம்மி, அவ்ளோதான். மார்க்கெட் காயையும் நல்லா கழுவி ஆக்குனா ஒண்ணும் ஆயிடாது."

இப்படிப் பேசினால் கடை எப்படி உருப்படும் என்பது மனைவி பிரிஸ்கில்லாவின் தீராத கவலை.

வினை கத்தரிக்காயில் வந்தது. கோவிந்தராசு இந்த முறை புழு குடைந்து வாடிய கொழுந்தையெல்லாம் தினமும் கிள்ளி எரித்தார். பொறி வைத்து அந்துப்பூச்சியைப் பிடித்தார். ஓர் ஓட்டைகூட இல்லாமல், எண்ணெய் தடவினாற்போல மின்னும் காய் வந்து இறங்கியது. சாரம் பகுதியே கொதித்துப்போனது. "பூச்சி இல்லாத ஆர்கானிக்கா? யாருகிட்ட உடறீங்க?" புழுதான் சான்றிதழ், ஓட்டைதான் முத்திரை என்பது அங்கே எழுதாத சட்டம். காய் கூடையிலேயே வாடியது.

மூன்றாம் நாள் லூர்து செய்யக்கூடாததைச் செய்தார். ஒரு மொத்தக் கடை வாசலில் கழித்துக் கொட்டியிருந்த சொத்தைக் கத்தரிக்காயில் ரெண்டு கிலோ பொறுக்கி வந்து, கேசரிக்கு முந்திரி வைப்பதுபோல மேலாக வைத்தார். விற்பதற்கு அல்ல, பார்வைக்கு. யாராவது சொத்தையை எடுத்தால் "அது வேணாங்க" என்று வாங்கிக்கொண்டு நல்லதைப் போட்டார். அந்தப் பெருந்தன்மைக்குப் பாராட்டும் கிடைத்தது. மத்தியானத்துக்குள் கூடை காலி.

சனிக்கிழமை, புதிதாக வந்த கூடையின் மேலும் சொத்தை ஏறியிருந்தபோது, மதாம் மார்கரீத் வந்தார். பிரான்சிலிருந்து ஊர் திரும்பிய பிரெஞ்சுப் பென்ஷன்காரர். அவர் சொன்னால் பன்னிரண்டு வீடு இந்தக் கடையில் வாங்கும். அவர் முகம் சுளித்தால் கடைக்குப் பூட்டு.

"லூர்து, நம்ம வீடுகள்ல ரெண்டு பேருக்கு டவுட்டு. எங்க அண்ணன் புள்ள ரொமேன் இப்ப மெட்ராஸ் போறான். அங்க லேப்ல உன் காயக் குடுத்துப் பாத்துடலாம். ரிசல்ட்ட நானே உன் கதவுல ஒட்டறேன். பியான், சரிதானே?"

"பியான், மதாம்" என்றது லூர்துவின் வாய்.

மதாமின் கை மின்னும் காய்களின் மேல் போய் நின்றது. லூர்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். கை நகர்ந்தது; சொத்தையை எடுத்தது.

"இதான் அசல். புழு பொய் சொல்லாது."

புழு காய்க்குள் புகுந்தபின் வெளியே குடம் குடமாக மருந்து அடித்தாலும் அதற்கு உறைக்காது. உறைக்கவில்லையே என்று விவசாயி மறுபடி அடிப்பார். ஊரிலேயே அதிகம் மருந்து குடித்த காய் சொத்தைக் காயாகவே இருக்கலாம். அந்த மருந்தை விற்றவருக்குத் தெரியாதா?

"அது வேணாம் மதாம், இத்த எடுங்க."

"ஏன், டெஸ்ட்டுக்கு மட்டும் ஸ்பெஷலா?"

நான்கு சொத்தைகள் உறைக்குள் போயின. வாசலில் காரிலிருந்து ரொமேன் ஹாரன் அடித்தான்.

"இன்னாங்க இப்பிடி வேர்க்குது?" பிரிஸ்கில்லா பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தார். "வாயத் தொறந்துடாதீங்க. புழுவுக்கு அதிர்ஷ்டம் இருந்தா பாஸாயிடும்."

மதாம் உறையை ஒட்டினார். படியிறங்கினார். கார்க் கதவைத் திறந்தார். லூர்து செருப்பில்லாமல் ஓடினார்.

"மதாம், அது நம்ம காயே இல்ல!"

ஹாரன் நின்றது.

"பின்ன யாரு காய்?"

"மார்க்கெட்ல கழிச்சது. புழு இல்லன்னா நீங்கல்லாம் நம்ப மாட்டறீங்கன்னு எடுத்தாந்தேன்."

"புழுவ எடுத்தாந்தியா?"

"ஆமாம் மதாம்."

"முப்பது வருஷம் பிரான்ஸ்ல இருந்தேன். காசு குடுத்து ஏமாந்திருக்கேன். புழு காட்டி என்னய ஏமாத்துன மொத ஆளு நீதான்."

மதாம் திரும்பி வந்தார். கூடையின் அடியில் கைவிட்டு, மின்னும் காயாக நான்கை இன்னோர் உறையில் போட்டார். ஒன்றின்மேல் 'லூர்து' என்றும் மற்றதில் 'புழு' என்றும் எழுதினார். இரண்டு உறையோடும் காரில் ஏறிக் கதவைச் சாத்தினார்.

பத்து நாள் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஒரு பை வரவில்லை. பிரிஸ்கில்லா தினமும் கத்தரிக்காய்க் குழம்பு மட்டும் வைத்தார்.

பதினோராம் நாள் மதாம் லேப் கொடுத்த இரண்டு தாளோடு வந்தார். 'லூர்து' உறையில் மருந்தின் சுவடே இல்லை. 'புழு' உறையில் மூன்று மருந்து. அதில் இரண்டு, அனுமதித்த அளவுக்கு மேல். மூன்றின் பெயரையும் லூர்து எழுத்துக்கூட்டாமலே படித்தார். மூன்றும் அவர் கையால் விற்றவை. மதாம் இரண்டு தாளையும் கதவில் ஒட்டி, கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: 'இவர் புழு வைத்திருந்தார். இப்போது வைப்பதில்லை.' பிறகு ஒரு கிலோ மின்னும் காய் கேட்டார்.

ஒன்பது வீடு திரும்பி வந்தது. மற்ற மூன்றும் அடுத்த தெருக் கடையில் நல்ல சொத்தையாகப் பார்த்து வாங்குவதாகக் கேள்வி.