பீச் ரோட்டுக்கு வந்த ராத்தா

சுனாமிக்குப் பிறகு என் ராத்தா சிங்கப்பூருக்கு வரவே மாட்டேன் என்று அடம்பிடித்ததற்குக் காரணம் என் முகவரி. ராத்தா என் ஒரே அக்கா. நாகூர்ப் பக்கம் கடலோரத் தெருவில் இருக்கிறார். நான் இருப்பது பீச் ரோட்டில். ஒரு கடலுக்குப் பயந்து இன்னொரு கடலுக்கு விருந்து வரவா என்பார். இங்கே கடலை எப்போதோ மண் கொட்டித் தூர்த்துவிட்டார்கள், பெயர்தான் மிச்சம் என்றால், சின்ன வயதில் நான் விட்ட புளுகுகளை வரிசையாக எடுத்து வைப்பார்.

போன வருடம் ஒருவழியாக வந்தார். எனக்கு ஓர் உள்நோக்கம் இருந்தது. அவர் தெருவைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. முன்வரிசை வீடுகள் போய்விட்டன. அவர் வீட்டை ஒருவர் குடோனுக்குக் கேட்டிருந்தார். விற்றுவிட்டு ஊருக்குள் குடிபோக அவரைச் சம்மதிக்க வைக்க வேண்டும்.

பீச் ரோட்டில் இறங்கியதும் இரு பக்கமும் பார்த்தார். கட்டடம், அதற்குப் பின்னாலும் கட்டடம். கடலை மூடிவிட்டு அதைப் பார்க்க பஸ் ஏறிப் போகிறவர்கள் நாங்கள் என்று தேக்கா சந்தைப் பூக்கடைக்காரரிடம்கூடச் சொல்லிச் சிரித்தார்.

சாங்கி கடற்கரைக்கு பஸ்ஸில்தான் போனோம். நான் விரித்த பாயை எடுத்து நாலடி பின்னால் விரித்தார். கரையோர மரத்தின் வேர்கள் வெளியே தெரிந்தன. இங்கேயும் அரிக்கிறதே என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பேச்சை எடுத்தேன். கெஞ்சினேன், பிறகு கத்தினேன். கடைசியில், பயமாக இருக்கிறது ராத்தா என்றும் சொல்லிவிட்டேன்.

அவர் பாயிலிருந்த மணலைத் தட்டினார்.

"தம்பி, எங்க தெருவுல மாடி உள்ள வீடு என்னுது ஒண்ணுதான். கடல் வருதுன்னு சொன்னா எல்லாரும் அங்கதான் ஏறுவாங்க. குடோன்காரரு பூட்டிட்டுப் போயிட்டா அவங்க எங்க போவாங்க?"

அவ்வளவு அக்கறை இருந்தால் மாடிப்படிக்குக் கைப்பிடி போட்டுக் கொடு, முழங்கால் வலிக்காரர்கள் சுவரைத் தடவித் தடவி ஏறுகிறார்கள் என்றார்.

ஊருக்குப் போனதும் படியை நூலால் அளந்து அளவை அனுப்பினார். போன மாதம் கைப்பிடி பொருத்தியாயிற்று. பக்கத்து வீட்டம்மா அதைப் பிடித்து ஏறும் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடி உறுதியாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டைக் காலி செய்ய வைக்கத்தான் அவரை அழைத்திருந்தேன்.